போரிவலி காட்டுக்கு ஒரு நாள்: மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து யாராவது வந்தால் மும்பையில் எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் வருடத்துக்கு நாலு தடவையாவது வரும். கேட்வே, ஜூஹு, சித்தி விநாயகர் எல்லாம் அவர்களே போய்க்கொள்வார்கள். நான் கூட்டிப்போவது போரிவலி காட்டுக்கு. வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் நம்பவே மாட்டார்கள். இத்தனை கட்டடத்துக்கு நடுவில் காடா, சிறுத்தையா என்று கேட்பார்கள். திரும்பி வரும்போது அந்தக் கேள்வி இருக்காது.

ஆனால் சரியாகத் திட்டமிடாமல் போய் ஏமாந்தவர்களும் நிறைய. பத்து மணிக்குப் போய், கேட்டருகே புல்வெளியில் உட்கார்ந்து, சஃபாரி வண்டிக்கு வரிசையில் நின்று, "ஒன்றுமே இல்லையே" என்று வந்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் யோசனை ஒன்றுதான்: இந்தக் காட்டில் மிருகத்தைத் தேடிப் போகாதீர்கள், தண்ணீர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே போங்கள். மற்றவை தானாகக் கண்ணில் படும்.

இந்தக் காடு எங்கே இருக்கிறது

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவலி, காந்திவலி, மலாட், கோரேகாவ். கிழக்கே முலுண்ட், பாண்டூப், தானே. வடக்கே வசாய் கழிமுகத்தைத் தாண்டியும் ஒரு துண்டு உண்டு. நகரம் மூன்று பக்கமும் நெருக்கிப் பிடித்திருக்கும் ஒரு மலைத்தொடர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போரிவலியில் ஆட்டோக்காரரிடம் "நேஷனல் பார்க்" என்றால் போதும், முழுப்பெயர் யாரும் சொல்வதில்லை.

மலையின் நடுவே துளசி, விஹார் என்று இரண்டு ஏரிகள். இரண்டும் மனிதர் கட்டியவை. விஹார் 1860ல் முடிந்தது. மும்பைக்கு முதன்முதலில் குழாயில் குடிநீர் வந்தது அதிலிருந்துதான். துளசி 1879ல். இன்றைக்கு மும்பை குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு தொலைவிலிருந்து, தானே, நாசிக் மாவட்ட அணைகளிலிருந்து வருகிறது. ஆனாலும் இந்த இரண்டு ஏரிகளும் இன்னும் குடிநீர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஏரிப் பகுதிக்குள் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, அது சரியும்கூட. இரண்டிலும் முதலைகள் வேறு உண்டு.

தஹிசர், பொய்சர், ஓஷிவாரா ஆறுகள் இந்த மலையில்தான் பிறக்கின்றன. விஹார் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் மித்தி ஆற்றில் போகும். மித்தி எங்கே போகிறது என்று தாராவித் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் வீட்டோரமாக ஓடி மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஊருக்குள் புகுந்ததை அனுபவித்தவர்கள், இந்தக் காட்டை வேறு ஊர்க் காடாக நினைக்க மாட்டார்கள்.

எந்த மாதம் போகலாம்

இது கொஞ்சம் யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஒவ்வொரு பருவத்திலும் இது வேறு காடு.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழை. பாறை எங்கும் ஓடை, மரத்தடியில் காளான், எங்கு பார்த்தாலும் பச்சை. சிட்டுக்குருவியை விடச் சின்னதாக, நீலமும் ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு குட்டி மீன்கொத்தி மழைக்காலத்தில் கூடுகட்ட இங்கே வரும். அட்லஸ் அந்துப்பூச்சி என்ற, உள்ளங்கையை விடப் பெரிய சிறகுகொண்ட பூச்சியும் இந்த மாதங்களில்தான். அழகு என்றால் இதுதான் காலம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, பாறையில் பாசி வழுக்கும், பெருமழை எச்சரிக்கை இருந்தால் கேட்டை மூடிவிடவும் கூடும். வார நாளில் போக முடிந்தவர்கள் மட்டும் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வெயில் உறைக்கும். அப்போது பட்டாம்பூச்சிகளும் சிலந்திகளும் ஏராளம். கையகல ராட்சதச் சிலந்தி, மஞ்சள் பளபளப்புள்ள வலையைப் பாதைக்குக் குறுக்கே கட்டியிருக்கும். முகத்தில் ஒட்டிக்கொள்ளாமல் முன்னால் போகிறவர் ஒரு குச்சியை நீட்டிக்கொண்டு போவார். வலையை அறுக்காமல் குனிந்து போவதே நல்லது. தேக்கிலைகளைப் புழுக்கள் தின்று நரம்பை மட்டும் விட்டுவைத்திருப்பதையும் அப்போது பார்க்கலாம், நூலால் பின்னிய சல்லடை மாதிரி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்லும் காலம். காலையில் லேசான குளிர், பறவைகள் அதிகம், நடக்கக் களைப்புத் தெரியாது. பிப்ரவரி கடைசியில் இலையெல்லாம் உதிர்ந்து, இலவமும் புரசும் வெறும் கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. அதற்கு ஈடாகக் களாப்பழம் கிடைக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. கார்வி என்று ஒரு புதர் மலைச்சரிவெங்கும் உண்டு. நம் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது போல இது 8 வருடத்துக்கு ஒருமுறை ஊதாவாகப் பூத்துக் காயும். 2016ல் பூத்தது, 2024ல் பூத்தது. அடுத்தது 2032. மற்ற வருடங்களில் ஆளுயரக் குச்சிக்காடாகத் தெரியும். இங்குள்ள வார்லிப் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை நட்டு, மேலே மண்ணும் சாணமும் பூசித்தான் காலங்காலமாகச் சுவர் எழுப்பினார்கள்.

முந்தின நாள் செய்ய வேண்டியது

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்துதான் கேட்டு வரை வந்து திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் காலை 7.30 மணிக்கு உள்ளே விடத் தொடங்குவார்கள். அதற்கும் முன்னால் நடப்பவர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், அவர்கள் நடைப்பயிற்சிக்கென்று தனி பாஸ் வாங்கிய உள்ளூர்க்காரர்கள்.

மூட்டையில் என்ன வைப்பது? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதுவும் ஸ்டீல் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாவற்றையும் கேட்டிலேயே சோதிப்பார்கள். பிடிமானமுள்ள பழைய ஷூ. செருப்பில், பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரி குகைகளின் படிகளில் ஏற நினைக்காதீர்கள், காய்ந்த நாளிலும் அந்தப் பாறை வழுக்கும். மங்கலான நிற உடை, தொப்பி, சின்ன டார்ச். குகைக்குள் சிற்பம் பார்க்க அந்த டார்ச் அவசியம். கொஞ்சம் சில்லறைப் பணம், ஏனென்றால் உள்ளே போகப் போக மொபைல் சிக்னல் மங்கும், கியூஆர் கோடு உதவாது. சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில், ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். கையில் பாலிதீன் பை தொங்கினால் குரங்கு அதை நேராக வந்து வாங்கிக்கொள்ளும். எங்கள் சித்தி ஒருமுறை இட்லிப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். பத்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் போனது. நல்லவேளை, கை தப்பியது.

போய்ச் சேர்வது

மாட்டுங்கா, சயான், தாராவிப் பக்கம் தங்கியிருந்தால் தாதருக்குப் போய் மேற்கு ரயில்வேயில் போரிவலி ஃபாஸ்ட் லோக்கல் ஏறுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் கூட்டமெல்லாம் சர்ச்கேட் நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போவதால் உட்காரவே இடம் கிடைக்கும். விரார் ரயிலில் மட்டும் ஏறாதீர்கள். போரிவலியில் இறங்குவது சிரமம், பழகியவர்களே திணறுவார்கள்.

போரிவலியில் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் பூங்கா வாசல் சுமார் ஒரு கிலோமீட்டர். நடந்தே போகலாம், வழியில் வடா பாவும் டீயும் கிடைக்கும். காலை உணவை அங்கேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். நெடுஞ்சாலையின் மறுபக்கம்தான் வாசல். மெட்ரோவில் வருபவர்களுக்கு 7ஆம் தடத்தில் "ராஷ்ட்ரிய உத்யான்" என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அந்தேரி கிழக்குப் பக்கமிருந்து வந்தால் அதுதான் சுலபம்.

காரில் வரலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். தனியார் வண்டிகளை எதுவரை விடுவது என்ற விதி அவ்வப்போது மாறும். அதை விடுங்கள், காட்டுச் சாலையில் ஒரு கார் போனால் பின்னால் கால் மணி நேரத்துக்கு ஒரு பறவையும் வாய் திறக்காது.

வாசலுக்குள் முதல் ஒரு மணி நேரம்

நுழைவுச் சீட்டு வாங்கியதும் வருவது கிருஷ்ணகிரி உபவன் என்ற பொழுதுபோக்குப் பகுதி. புல்வெளி, குழந்தைகள் விளையாட்டு, ஒரு சின்னக் குன்றின் மேல் காந்தி நினைவிடம், வனராணி என்ற குட்டி ரயிலின் பாதை, சிங்கம் புலி சஃபாரிக்கான இடம் எல்லாம் இங்கேதான். பெயரைக் கேட்டு நம் ஊர்க் கிருஷ்ணகிரி என்று நினைத்துவிடாதீர்கள். கான்ஹேரி மலையின் பழைய பெயர் அது, கருமலை என்று பொருள்.

சஃபாரியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் பார்க்கும் சிங்கமும் புலியும் வேலியிட்ட அடைப்புக்குள் வளர்க்கப்படுபவை. சிங்கம் இந்தக் காட்டின் மிருகமே இல்லை. சின்னக் குழந்தைகள் ஆசைப்பட்டால் திரும்பும்போது பார்த்துக்கொள்ளுங்கள். காலையின் முதல் ஒரு மணி நேரத்தை, காடு விழித்திருக்கும் நேரத்தை, வரிசையில் நின்று கழிக்காதீர்கள்.

அதற்குப் பதில் வலது இடது என்று அலையாமல் தஹிசர் ஆற்றங்கரைக்குப் போங்கள். ஊருக்குள் இதே ஆற்றைச் சாக்கடையாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே கூழாங்கல் தெரியும். போரிவலியில் பாலத்துக்கடியில் கறுப்பாகக் கிடப்பதும் இதுவும் ஒரே ஆறு, இடையில் உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். எனக்கு இந்தக் காட்டின் மேல் இத்தனை பிடிப்பு வந்ததே இதைப் பார்த்த அன்றுதான். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கிக் குளிக்கத் தடை இருக்கிறது. தடையை மீறி இறங்குகிறவர்களை நம்பி நீங்களும் இறங்க வேண்டாம். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் மட்டம் ஏறும்.

கான்ஹேரி சாலை

வாசலிலிருந்து கான்ஹேரி குகைகள் ஆறு, ஏழு கிலோமீட்டர். தார்ச்சாலை. நடந்தால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். வாடகை சைக்கிள் கிடைக்கும், ஆனால் போகும்போது ஏற்றம், கடைசிப் பகுதியில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். பூங்கா வண்டிகளும் உண்டு. என் யோசனை: போகும்போது நடை, திரும்பும்போது வண்டி. வெயில் ஏறிய பிறகு அந்தச் சாலையில் இறங்கி வருவதில் சுகம் இல்லை.

நடக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது குக்குறுவானின் "குட்ரூ குட்ரூ" என்ற இடைவிடாத குரலாக இருக்கும். நீளமான இரண்டு வால் கம்பியின் நுனியில் துடுப்பு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் பறவை மற்ற பறவைகளின் குரலையெல்லாம் பாடிக் காட்டினால், அது துடுப்புவால் கரிச்சான். அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை நாடாவை இழுத்துக்கொண்டு பறப்பதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் நிறையப் பொறுமையும் இருந்தால் தீக்காக்கை. அது கிளையில் அசையாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். திரும்பினால்தான் அந்த நெஞ்சுச் சிவப்பு.

புள்ளிமான்களைச் சாலையோரமே பார்த்துவிடலாம். கடமானும் கேளையாடும் அபூர்வம். கேளையாட்டைப் பார்ப்பதை விடக் கேட்பதுதான் அதிகம். நாய் குரைப்பது போல மலைச்சரிவிலிருந்து ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தால், அங்கே அது எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று அர்த்தம். நின்று கேளுங்கள்.

சாலையை விட்டு ஒற்றையடிப் பாதைகளில் நுழையாதீர்கள். அவை வார்லி மக்களின் பாடாக்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்குப் போகும் வழிகள். சிலது வனக்காவலர் வழிகள். மனிதர்கள் வாழும் வீட்டு முற்றத்துக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது முறையில்லை.

குகைகள்: அவசரப்படாமல் பாருங்கள்

கான்ஹேரி தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அங்கே தனியாக ஒரு டிக்கெட். எரிமலைக் குழம்பு இறுகிய மலையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இங்கே துறவிகள் இருந்திருக்கிறார்கள். எலிஃபன்டா தீவுக் குகைகளுக்குப் படகேறிப் போகிறவர்களில் பாதிப் பேர் இங்கே வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் 3ஆம் எண் குகை, படியேறியதுமே வரும். பெரிய சைத்திய மண்டபம், அதாவது பௌத்தர்களின் வழிபாட்டுக் கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், மொத்தம் 34. கடைசியில் ஸ்தூபி. சாதவாகன மன்னர் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில், அதாவது 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடைந்தது. முன் தாழ்வாரத்தில் இருபுறமும் சுமார் ஏழு மீட்டர் உயரப் புத்தர்கள் நிற்கிறார்கள், அவை சில நூற்றாண்டு கழித்துச் செதுக்கியவை. உள்ளே நின்று மெல்லக் குரல் கொடுத்துப் பாருங்கள், கூரையில் சுற்றித் திரும்பி வரும்.

11ஆம் எண் குகையைத் தர்பார் மண்டபம் என்பார்கள். நடுவில் கல்லிலேயே விட்ட நீளமான இரண்டு தாழ்வான திண்ணைகள். கூடி உட்கார்ந்து உண்ணவும் படிக்கவும் கட்டியது போலிருக்கும். 41ல் பதினொரு தலையுள்ள அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர், இந்தியாவில் அப்படியொரு உருவம் மிக அபூர்வம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால்தான் தலைகளை எண்ண முடியும். 90ல் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் பஹ்லவி மொழியில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், 1009லும் 1021லும். ஆயிரம் வருடத்துக்கு முன்னும் இங்கே மலையேறிக் குகை பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பெயரைக் கிறுக்க வேண்டாம், அது இப்போது குற்றம்.)

இத்தனைக்கும் மேலாக நான் பார்க்கச் சொல்வது தண்ணீர் ஏற்பாட்டை. பெரும்பாலான குகை வாசலுக்குப் பக்கத்தில் தரைமட்டத்தில் ஒரு சதுரத் துவாரம் இருக்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே பாறையைக் குடைந்த தொட்டி, பல தொட்டிகளில் வருடம் முழுக்கத் தண்ணீர். அப்புறம் குகைக்கு மேலே உள்ள பாறையைப் பாருங்கள். விரல் ஆழத்துக்கு வெட்டிய வாய்க்கால்கள் சரிவில் ஓடி வருவது தெரியும். மேலே விழும் மழையை வீணாக்காமல் தொட்டிக்குக் கொண்டுவரும் வழி அது. இரண்டு குன்றுக்கு நடுவே ஓடும் ஓடையிலும் பழைய அணைக்கட்டின் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தன் கூரையில் விழுந்த மழையே குடிநீர். மதுரைப் பக்கச் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்குக் கற்படுக்கையும் சுனையும் பழக்கமான சேர்க்கைதான், ஆனால் ஒரு மலை முழுக்க இப்படித் திட்டமிட்டு வெட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதைப் பார்க்க மழைக்காலம்தான் ஏற்றது. நல்ல மழை விட்ட பத்தாவது நிமிடம் போய் நின்றால், அந்த வாய்க்கால்கள் இன்றைக்கும் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பல்லாயிரம் பேர் வந்துபோகும் இடம். தொட்டிக்குள் காலி சிப்ஸ் பாக்கெட் மிதப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது.

இந்தத் தொட்டிகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெயர் பல கல்வெட்டுகளில் உண்டு. சோபாரா, கல்யாண் வணிகர்கள், பெண்கள், துறவிகள். சோபாரா என்பது இன்றைய நாலாசோபாரா. காலையில் நீங்கள் ஏற வேண்டாம் என்று சொன்னேனே, அந்த விரார் ரயில் போகும் ஊர்களில் ஒன்று. அன்றைக்குத் துறைமுகம்.

மூச்சு இருந்தால் உச்சி வரை ஏறுங்கள். செங்கல் ஸ்தூபிகளின் அடித்தளங்கள் வரிசையாக இருக்கும் ஒரு தாழ்வாரம் வழியில் உண்டு, இறந்த துறவிகளுக்கு எழுப்பியவை. உச்சியிலிருந்து பார்த்தால் காடு ஒரு பக்கம், போரிவலிக் கட்டடங்கள் ஒரு பக்கம், தெளிவான நாளில் தூரத்தில் கோராய் பகோடாவின் பொன்கூரை. அங்கே பாறை விளிம்பில் கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள்.

கீழே இறங்கினால் வார்லிப் பெண்கள் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளரி, கொய்யா, நெல்லி, மாங்காய். மே மாதமென்றால் இலைத் தொன்னையில் களாப்பழம். "மாவ்ஷி (மராத்தியில் சித்தி), உப்பு மிளகாய் கொஞ்சம் தூக்கலாக" என்றால் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார்கள். பேரம் பேசாதீர்கள். அந்தப் பழத்தை விடியற்காலையில் முள்ளில் கை கிழித்துப் பறித்து வந்திருப்பார்கள். குரங்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள், ஆனால் குரங்குக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை பிடுங்குகின்றன.

சிறுத்தை பற்றி

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேமராப் பொறிகள் வைத்து எடுத்த 2018 கணக்கெடுப்பில் பூங்காவிலும் ஒட்டிய பகுதிகளிலும் 47 சிறுத்தைகள் தெரிந்தன. இவ்வளவு நெருக்கமாக மனிதர்கள் வாழும் இடத்தில் இத்தனை சிறுத்தைகள் என்பது உலகத்திலேயே அரிது. பகலில் சாலையில் போகும் உங்கள் கண்ணில் ஒன்று படுவது அதைவிட அரிது. அது உங்களைப் பார்த்திருக்கலாம்.

2004ல் நிலைமை வேறு. அந்த வருடங்களில் பலர் சிறுத்தைத் தாக்குதலில் இறந்தார்கள். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். தன் இடத்தை இழந்த மிருகம் தடுமாறும். பிறகு அந்த வழக்கத்தைக் குறைத்து, சுற்றி வாழும் மக்களோடு பேசி, எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்த பின் நிலைமை வெகுவாக மாறியது. வார்லி மக்களுக்கோ இது புதிதில்லை. பெரும்பூனையை வாகோபா என்று தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள்.

குப்பையைப் பற்றி நான் விடாமல் சொல்வதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. குப்பை இருக்கும் இடத்தில் தெருநாய் பெருகும். நாய் சிறுத்தைக்கு எளிதான இரை. நாயைத் தேடி அது காட்டோரக் குடியிருப்புக்கு வரும். நீங்கள் வீசிய பிரியாணிப் பொட்டலத்திலிருந்து தொடங்குகிற சங்கிலி இது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாலை மங்குவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். குழந்தைகளை முன்னாலோ பின்னாலோ ஓட விடாமல் நடுவில் வைத்து நடத்துங்கள். புதரோரம் தனியாகக் குந்தி உட்காராதீர்கள். குனிந்த உருவம் சின்ன மிருகமாகத் தெரியும். எதிரே பட்டுவிட்டால் ஓட வேண்டாம், நிமிர்ந்து நின்று, அது போக வழி விட்டு, முகம் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். சூழ்ந்துகொண்டு வீடியோ எடுக்கவே கூடாது. மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926.

பெரியவர்களோடும் குழந்தைகளோடும்

முட்டிவலி உள்ளவர்களைக் கான்ஹேரி வரை வண்டியில் கொண்டுபோய், 3ஆம் எண் குகை வரை மெதுவாக ஏற்றினால் போதும். என் அம்மா அங்கேதான் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் மேலே போய்த் திரும்பும் இரண்டு மணி நேரமும் அந்தத் தாழ்வாரத்துக் குளிர்ச்சியில் புத்தரைப் பார்த்தபடி இருப்பார், ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு நடை அதிகம். ஆற்றங்கரை, வண்டியில் குகை, பிறகு சஃபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வாசல் பக்கமும் கான்ஹேரி டிக்கெட் பக்கமும் உண்டு. நடுவில் கிடையாது, கிளம்புமுன் போய்விடுங்கள்.

இரண்டாவது முறை வரும்போது

ஒருமுறை வந்து பிடித்துப்போனால், அடுத்த முறை வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கலாம். பூங்காவின் இயற்கைத் தகவல் மையம் முன்பதிவின் பேரில் நடைகள் ஏற்பாடு செய்கிறது. ஷிலோண்டா பாதை அதில் பேர்பெற்றது. சின்னக் குழுவாகத்தான் கூட்டிப்போவார்கள். அனுமதி இல்லாமல் தாங்களாக நுழைந்து வழிதவறியவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். தெற்கே கோரேகாவ் திரைப்பட நகரை ஒட்டி, 1883ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கல்வி மையம் இருக்கிறது. அங்கும் பறவை, பூச்சி, மரம் என்று தனித்தனி நடைகள் உண்டு, மராத்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தானே பக்கம் இருப்பவர்களுக்கு யேயூர் மலை வழி கிட்டத்தில்.

நாங்கள் வரும் செப்டம்பரில் ஷிலோண்டாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். நான்கு பேர், காலை ஏழரை மணிக்கு வாசலில். அதற்கு முந்தின இரவு மழை பெய்திருந்தால், நடை முடிந்ததும் வண்டி பிடித்து நேராகக் கான்ஹேரி வாய்க்காலைப் பார்க்கப் போவோம்.